வருங்கால நட்சத்திரங்கள் மல்லுக்கட்டக் கூடாது

சஜினுக்கு ஒளிமயமான எதிர்காலம் இருக்கிறது என்று வாரியம் அறிவித்த அன்றோடு அவனுடைய பிழைப்பு நின்றுபோனது.

அதுவரைக்கும் அவன் நன்றாகத்தான் இருந்தான். குலசேகரத்துப் பக்கம் எங்கே கோவில் கொடைத் திருவிழா நடந்தாலும், எங்கே பொருட்காட்சி போட்டாலும், மைதானத்தில் நாலு கம்பு நட்டு, கயிறு கட்டி, நடுவில் பலகையும் மெத்தையும் விரித்து, அவனும் அவன் கூட்டாளி ரதீஷும் ஒருவரை ஒருவர் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டு சந்தோஷமாக நாட்களைக் கழித்தார்கள். ரதீஷ் வில்லன். பச்சைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, ‘கோதையாற்று முதலை’ என்ற பெயரில் கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். சஜின் நல்லவன், ‘குலசேகரம் புயல்’. முதலில் நன்றாக அடி வாங்கிவிட்டுக் கடைசியில் எழுந்து வருவான்.

இது பதக்கம் வாங்குகிற மல்யுத்தம் இல்லை, காட்சி மல்யுத்தம். யார் ஜெயிப்பது என்று சாயாக்கடையிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் மேடை ஏறுவார்கள். பார்க்க வருகிற சனங்களுக்கும் அது தெரியும். நாடகத்தில் ராஜா நிஜமாகச் சாகவில்லை என்று தெரிந்துகொண்டேதானே உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறோம். ஆனால் விழுவது நிஜம். முதுகு பலகையில் படுகிற சத்தம் நிஜம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் கூட்டம் வருகிறது.

சஜினுக்கு ஓர் ஆசை இருந்தது. மேல் கயிற்றில் ஏறி நின்று, பின்பக்கமாகக் கரணம் போட்டு, கீழே கிடக்கிறவன் மேல் வந்து விழுகிற ஒரு சாட்டத்தை அவனும் ரதீஷும் வெகுநாளாகப் பழகி வந்தார்கள். திற்பரப்பில் தண்ணீர் விழுகிற விதத்தைப் பார்த்துப் பார்த்து உண்டாக்கியது என்பதால் அதற்கு அருவிச்சாட்டம் என்று பெயர்; எங்கள் பக்கத்தில் குதிப்பதைச் சாடுவது என்றுதான் சொல்லுவோம். வெளியூரில் எங்கும் அதைக் காட்டவில்லை. சொந்த ஊர் அம்மன் கொடையில், தன்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்த சனங்களுக்கு முன்னால், முதல் தடவையாகச் சாட வேண்டும். இதைத் தவிர வாழ்க்கையைப் பற்றி அவனிடம் பெரிய திட்டம் எதுவும் கிடையாது. மற்ற திட்டமெல்லாம் வாரியத்திடம் இருந்தது.

குமரி மாவட்டக் காட்சி மல்லர் வருங்கால நட்சத்திரக் கணிப்பு வாரியம் நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இயங்குகிறது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம் ஆகையால் கடைசிச் சில எழுத்துக்களைப் பக்கத்துச் சந்துக்குள் மடக்கி வைத்திருக்கிறார்கள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கிற தொழிலில், யார் ஜெயிப்பார் என்று கணிக்க ஒரு வாரியம் எதற்கு என்று விவரம் இல்லாதவர்கள் கேட்கலாம். இவனைத்தான் பெரிய ஆளாக்கப் போகிறோம் என்று மல்யுத்தம் நடத்துகிற சபைக்காரர்கள் முடிவு செய்தால் மற்றவன் சண்டைக்கு வருவான். இவன்தான் பெரிய ஆளாவான் என்று ஒரு வாரியம் கணித்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆகவே வாரியம் வந்தது. வந்தபின், தான் எதற்காக வந்தோம் என்பதை மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தது.

அதன் தலைவர் முத்துக்குமாரசாமி. பூமிக்கடியில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொல்லுகிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காட்டிய இடத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்தவர்களில் சிலர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மல்யுத்தத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கணிப்பு நடுநிலையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அவரே மேடைகளில் சொல்லுவார். உறுப்பினர் அழகியநாயகி டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஒழுக்கம் அவர் பொறுப்பு.

தேர்வு நாளன்று காலையில் சஜின் ரதீஷோடு பழகிவிட்டு, வியர்த்து விறுவிறுத்து, கிணற்றடியில் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, போதாமல் இன்னொரு செம்பும் குடித்துவிட்டு பஸ் ஏறினான். தக்கலை வந்ததும் பஸ் ஊர்ந்தது. அவன் மாடிப்படி ஏறியபோது மற்ற பையன்களெல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பிந்திட்டு சார். பஸ்சு...” என்று தொடங்கினான்.

“பிந்தினது நல்லது,” என்றார் தலைவர். “நட்சத்திரம் என்னைக்கும் நேரத்துக்கு வராது. குறிச்சுக்கிடுங்க டீச்சர்.”

டீச்சர் குறித்துக்கொண்டார். நேரத்துக்கு வந்திருந்தவர்கள் தலை குனிந்தார்கள்.

முதலில் தொலைநோக்குச் சோதனை. ஒவ்வொருவரையும் சன்னலோரம் நிறுத்தித் தூரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். மற்றவர்கள் வெற்றி தெரிகிறது, வெளிநாடு தெரிகிறது என்றெல்லாம் சொன்னார்கள்.

“உமக்கு என்ன தெரியுது தம்பி?”

“மருந்துக்கடைக்காரருக்க தண்ணி டாங்கி சார். மூடி இல்ல.”

“மத்தவன் கண்ணுக்குத் தெரியாத குறை இவன் கண்ணுக்குத் தெரியுது,” என்றார் தலைவர் டீச்சரைப் பார்த்து.

அடுத்தது மிரட்டல். காட்சி மல்லனுக்கு மைக்கைப் பிடித்து எதிராளியை மிரட்டத் தெரிய வேண்டும். சஜின் தொண்டையைக் கனைத்து, “லேய், ஒனக்க எலும்ப முறிச்சு எடுத்திருவேன் கேட்டியா,” என்றான்.

அழகியநாயகி டீச்சர் கையை உயர்த்தினார். “எதிராளி உன்னைவிட மூத்தவராக இருந்தால்?”

சஜின் யோசித்தான். “அண்ணாச்சி, ஒங்களுக்க எலும்ப முறிச்சு எடுத்திருவேன்.”

“இது மரியாதை,” என்று டீச்சர் நெகிழ்ந்துபோனார்.

அதன் பிறகு தோளில் பொன்னாடை நழுவாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். பேட்டியில் ‘எல்லாப் புகழும் வாரியத்துக்கே’ என்று சிரித்த முகமாகச் சொல்ல வைத்தார்கள். மதியம் ஆயிற்று. சஜினுக்குப் பொறுக்கவில்லை.

“சார், எப்பளாக்கும் மல்லுக்கட்டிக் காட்டணும்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, நட்சத்திரம் ஆவுறதுக்கும் மல்லுக்கட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கடைசியாகத் தேங்காய். அதுதான் இறுதிச் சோதனை. தண்ணீர் பார்க்கிறவர்கள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார்கள்; கீழே ஊற்று இருக்கிற இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும் என்று நம்பிக்கை. தலைவர் அந்த வித்தையைப் பூமியிலிருந்து மனிதர்களுக்கு மாற்றியிருந்தார். பட்டுத்துணியில் பொதிந்து வைத்திருந்த தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை அரைவாசி மூடி, வரிசையில் ஒவ்வொருவன் முன்னாலும் நின்று நின்று நகர்ந்தார். யார் முன்னாலும் தேங்காய் அசையவில்லை. சஜின் முன்னால் வந்ததும் குடுமியை மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

ரதீஷ் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “மக்கா, நீ காலத்த ரெண்டு செம்புத் தண்ணி குடிச்சிட்டுப் போனல்லியா. தேங்காய்க்குத் தண்ணிதாம்லே தெரியும். ஒன்ன கெணறுண்ணு நெனச்சிருக்கு.”

ஆனால் அதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. பாராட்டு விழாவில் சஜினுக்குப் பொன்னாடை போர்த்தி, ‘வருங்கால நட்சத்திரம்’ என்று முதுகில் எழுதிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் வழுக்கைத் தலையும் வெள்ளை மீசையுமாக ஒருவர் அதே போன்ற பொன்னாடையில் உட்கார்ந்திருந்தார். யாரோ பெரிய புள்ளி என்று சஜின் எழுந்து கும்பிட்டான்.

“இரி மக்கா. நானும் நீயும் ஒண்ணுதான்,” என்றார் அவர். “வருங்கால நட்சத்திரம் பகவதியப்பன். வாரியத்துக்க முதல் கணிப்பு நானாக்கும்.”

“நீங்க எப்ப மல்லுக்கட்டினிய அண்ணாச்சி? நான் பாத்ததில்லியே.”

“கட்டினதில்ல மக்கா. தேர்வுக்கு வந்த அண்ணைக்கே எடுத்துட்டாவ. பின்ன விடல்ல.”

“எப்ப விடுவாவ?”

“எதிர்காலம் வரணும்லா,” என்றார் பகவதியப்பன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “முதுகு பலகையில படும்போ வலிக்குமா?”

“வலிக்கும்.”

“நல்லா வலிக்குமா?”

கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர் பாயசம் எப்படி இருந்தது என்று கேட்பதுபோல அவர் கேட்டார்.

தலைவர் உரையாற்ற எழுந்தபோதுதான் விஷயம் முழுசாக விளங்கியது. “நட்சத்திரம் எங்கே இருக்கிறது? வானத்தில். வானத்தில் இருப்பது என்றைக்காவது கீழே இறங்கி யாரோடாவது மல்லுக்கட்டியிருக்கிறதா? ஆகவே வாரியம் கணித்த எவரும் மேடை ஏறக் கூடாது. ஏறினால் தோற்கலாம். தோற்றால் கணிப்பு பொய்யாகும். இத்தனை காலத்தில் வாரியத்தின் ஒரு கணிப்பாவது பொய்த்திருக்கிறதா? இல்லை. ஏனென்றால் எங்கள் நட்சத்திரங்களில் ஒருவர்கூட இதுவரை தோற்றதில்லை.”

கூட்டம் முடிந்து அவர் காரில் ஏறும்போது சஜின் ஓடிப்போய் நின்றான். “சார், தோக்கதும் ஜெயிக்கதும் நாங்க முன்னயே பேசி வச்சிருவோம். நான் ஜெயிக்க மாதிரியே பேசிக்கிடலாம்.”

“அது உங்க சொந்த விஷயம் தம்பி. அதில வாரியம் தலையிடாது,” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் சஜினுக்கு ஓய்வே இல்லை. தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டினான். அழகியமண்டபம் சந்திப்பில் ஒரு பேக்கரிக்கு விளக்கு ஏற்றினான். முட்டத்தில் மீன் ஏலக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்ட அன்று, பொன்னாடையும் முகத்தில் பவுடருமாக அவனைக் கொண்டுபோய் மீன்கூடைகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். மீன் விற்கிற பெண் ஒருத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ யாரு மக்கா?”

“வருங்கால நட்சத்திரம்.”

“எப்ப வருவ?”

“தெரியாது அக்கா. வாரியம் சொல்லும்.”

அந்தப் பெண் பாவப்பட்டுக் கையில் ஒரு நெய்மீன் துண்டைப் பொதிந்து கொடுத்தாள். சஜின் அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டான். மல்லுக்கட்டிக் கூலி வாங்கினவன், சும்மா நின்று மீன் வாங்கினால் அழாமல் என்ன செய்வான்.

மறுநாளே நாகர்கோவில் போய்த் தலைவர் முன்னால் நின்றான். “சார், எனக்கு எதிர்காலம் வேண்டாம். எடுத்துடுங்க.”

தலைவர் டீச்சரைப் பார்த்தார். “தன்னடக்கம்.” டீச்சர் குறித்துக்கொண்டார்.

“தன்னடக்கம் இல்ல சார். நான் அதுக்குக் கொள்ளூல. சத்தியமா லாயக்கு இல்ல.”

“தன்னையே விமர்சனம் பண்ணுதான்.” அதையும் குறித்துக்கொண்டார்.

சஜினுக்குக் கோபம் வந்தது. மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “ஒங்களுக்கு மல்லும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது,” என்றான். சொல்லிவிட்டு, இனிமேல் எப்படியும் விரட்டிவிடுவார்கள் என்று நம்பிக்கையோடு நின்றான்.

தலைவர் புன்னகைத்தார். “தலைக்கனம் வந்தாச்சு. நாம எதிர்பார்த்ததைவிட சீக்கிரமே வந்தாச்சு டீச்சர். வேகமா வளருதான்.”

அவன் படியிறங்கும்போது தோளில் இன்னொரு பொன்னாடையும் கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

வீட்டில் அவன் அம்மா சண்முகவடிவுக்கு இந்தப் பொன்னாடைகளைக் கண்டாலே எரிச்சல். மகன் கைகால் முறிந்து வந்த நாட்களில் அவள் வாய்விட்டுத் திட்டியது உண்மைதான். ஆனால் அப்போது அவன் சோறு கேட்டுச் சாப்பிட்டான். இப்போது பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறான். பவுடர் போட்ட முகத்தோடு பார்க்கிறான். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்தச் சமயத்தில் பூதப்பாண்டியிலிருந்து ஒரு கூட்டம் மாப்பிள்ளை பார்க்க வந்தது. பெண்ணின் அத்தை சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

“பையன் என்ன செய்யான்?”

“வருங்காலத்துல பெரிய நட்சத்திரமாக்கும்,” என்றாள் சண்முகவடிவு.

“அது செரி. இப்பம்?”

“இப்பம்... இருக்கான்.”

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்பம் பொண்ணையும் வருங்காலத்துல தாறோம்,” என்று எழுந்துவிட்டாள். தட்டில் இருந்த மட்டிப்பழத்தில் ஒரு சீப்பை மட்டும் நிகழ்காலத்திலேயே பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் சண்முகவடிவு தையல் மிஷினைத் திறந்தாள். ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்து சஜினின் தலையில் சுற்றி அளவு பார்த்தாள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு ஒன்று.

“என்னதும்மா இது?”

“கொடைக்கு எவனோ மொகமூடி போட்டவன் ஒருத்தன் பாறசாலையில இருந்து மல்லுக்கட்ட வாறானாம். ரதீஷ் வந்து சொல்லிட்டுப் போனான்,” என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “அவனுக்குத் துணிமணி இல்லியாம். அசையாம இரி.”

கொடை அன்று கோவிலுக்குப் பக்கத்து வயலில் கம்பு நட்டுக் கயிறு கட்டியாயிற்று. வில்லுப்பாட்டுக்கு முன்னால் மல்யுத்தம். முன்வரிசையில் வருங்கால நட்சத்திரங்களின் நாற்காலிகள். வாரியத் தலைவர் முத்துக்குமாரசாமி தேங்காயும் கையுமாக வந்து இறங்கினார். கோவில் முன்னால் வந்ததும், ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிய வேண்டியிருந்ததால், தேங்காயைப் பட்டுத்துணியோடு வாசல் பிள்ளையார் காலடியில் வைத்தார். கொடை நாளில் பிள்ளையார் காலடியில் ஒருவர் தேங்காய் வைத்தால் அது எதற்கு என்று கோவில்காரர்களுக்குத் தெரியாதா என்ன. ஒருவர் துணியை மரியாதையாக மடித்து வைத்துவிட்டு, தேங்காயை ஓங்கிக் கல்லில் விடலை போட்டார். சில்லுகளைப் பொறுக்கக் கூட்டம் பாய்ந்தது. நாடாவோடு போராடிக்கொண்டிருந்த தலைவர் எதையும் கவனிக்கவில்லை. பிரசாதம் என்று யாரோ நீட்டிய ஒரு சில்லை வாங்கிக் கடித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

“சஜினைக் காணோமே,” என்றார் டீச்சர்.

சஜினின் நாற்காலியில் பொன்னாடை விரித்துப் போட்டிருந்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். “பொன்னாடை இருக்குல்லா. அது போதும்,” என்றார்.

ரதீஷ் பச்சைக் காற்சட்டையோடு மேடையில் ஏறிப் பல்லைக் காட்டினான். எதிர்மூலையில் சிவப்பு முகமூடி ஏறியது. ஏறி ஓர் எட்டு எடுத்து வைத்தவுடனேயே மொத்த ஊருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த நடையை அவன் தவழுகிற காலத்திலிருந்து அவர்கள் பார்த்து வருகிறார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முன்னால் ஒரு வாரியம் உட்கார்ந்திருக்கும்போது சொந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

“யாரு இந்தப் பையன்?” என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

“களியக்காவிளையில வெல்டிங் கடை வச்சிருக்கான் சார்.”

“இல்லல்ல, அவனுக்குத் தமிழே தெரியாது. வடக்கேருந்து வந்தவன்,” என்றார் பின்னால் இருந்தவர்.

தலைவர் குழம்பிப்போய், அடுத்த நாற்காலியில் இருந்த சண்முகவடிவைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாது சார்,” என்றாள் அவள். “ஆனா நல்ல குடும்பத்துப் பிள்ளையாத்தான் தெரியுது.” சொல்லி முடிப்பதற்குள் ரதீஷ் முகமூடிக்காரனைத் தூக்கிப் பலகையில் ஓங்கி அடித்தான். “லே, பல்லு பத்திரம் மக்கா,” என்று அவளை அறியாமலே சத்தம் வந்துவிட்டது.

சஜினுக்கு வெகுநாளைக்குப் பிறகு முதுகு வலித்தது. வலி உடம்பு முழுவதும் பரவி உள்ளங்கால் வரை போனபோது, முகமூடிக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ரதீஷ் மிதித்தான், கயிற்றில் தொங்கவிட்டான், கூட்டத்தைப் பார்த்து வசவு சொன்னான். பெண்கள் அவனைத் திருப்பித் திட்டினார்கள். பிறகு பேசி வைத்திருந்தபடியே முதலை சறுக்கி விழுந்தது. சஜின் கயிற்றில் ஏறினான். மேல் கயிற்றில் நின்றபோது பந்தல் விளக்கெல்லாம் அவனுக்குக் கீழே தெரிந்தது. ஊரே கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் ஓட்டை ஒரு பக்கம் நகர்ந்து, பாதி ஊர்தான் தெரிந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டான்.

சாடினான்.

பின்பக்கமாகச் சுழன்று, கைகளை விரித்து, அவன் வந்து விழுந்த சத்தம் கோவில் மணியையும் மீறிக் கேட்டது. சனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் தங்கள் முறை வராமலே குடத்தைத் தட்டினார்கள். கிழவர்கள் துண்டை வீசினார்கள். சண்முகவடிவு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு இதற்கு மேல் வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால் அதற்குள் வாரியம் மேடை ஏறிவிட்டது.

“தேங்காய்,” என்று தலைவர் கையை நீட்டினார். தேங்காய் வரவில்லை. ஆட்கள் ஓடினார்கள். ஓடினவர்கள் பட்டுத்துணியை மட்டும் கொண்டுவந்து, காதில் ஏதோ சொன்னார்கள். தலைவர் தன் வாயில் மிச்சமிருந்த சில்லை நிறுத்தி நிதானமாக மென்று விழுங்கினார்.

கருவி இல்லை என்பதால் வாரியம் முதல் தடவையாகத் தன் மூளையை மட்டும் நம்ப வேண்டி வந்தது. சஜின் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டான். இந்த முகமூடிக்கும் எதிர்காலம் உண்டு என்று சொல்லிவிட்டால், இரண்டு நாற்காலியிலும் அவனேதான் உட்கார வேண்டும்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “பெரியோர்களே, தாய்மார்களே. கூட்டம் இந்த இளைஞருக்கு எழுந்து நின்று கை தட்டியதை வாரியம் கவலையோடு கவனித்தது. ஒரு மனிதனுக்கு வரவேண்டிய கைதட்டல் ஓர் அளவுதான். அதை இவர் இன்றைக்கே வாங்கிச் செலவழித்துவிட்டார். எதிர்காலத்துக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. வாரியம் கணித்த நட்சத்திரம் எவருக்காவது இதுவரை யாராவது கை தட்டியதுண்டா? கிடையாது. அவ்வளவும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஆகவே, இந்த முகமூடி இளைஞருக்கு எதிர்காலம் கிடையாது என்று வாரியம் ஒருமனதாக அறிவிக்கிறது.”

சஜின் முழங்காலிட்டு அவர் கால்களைக் கட்டிக்கொண்டான். இனி இந்த முகமூடியோடு எந்தக் கொடையிலும் ஏறலாம், எந்தப் பொருட்காட்சியிலும் விழலாம். முகமூடிக்குள் கண்ணீர் நிறைந்து மூக்கு ஓட்டை வழியாக வழிந்தது.

தலைவரும் நெகிழ்ந்துவிட்டார். “வருத்தப்படாதிரும் தம்பி,” என்று முகமூடியைத் தடவிக் கொடுத்தார். “எதிர்காலம் இல்லாத எத்தனையோ பேரு நல்லா இருக்காவ.”

அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. பகவதியப்பன் எழுந்து நின்றிருந்தார்.

“சார்,” என்றார். “எனக்கும் இல்லண்ணு சொல்லிருங்க.”

“பகவதியப்பன், உட்காரும். உமக்கு ஒளிமயமான எதிர்காலம் இருக்கு.”

“எனக்கு மூட்டுவலி இருக்கு சார்,” என்று சொல்லிக்கொண்டே அவர் மேடையை நோக்கி நடந்தார். யாரும் தடுக்கவில்லை. சஜின் ஓடிப்போய்க் கீழ்க்கயிற்றை மிதித்து, மேல் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். பொன்னாடை கயிற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார்.

வந்துவிட்டாரே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுமேடையில் நின்றார். தோற்றுப்போய்க் கிடந்த ரதீஷ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். நிலைமை புரிந்தது. உறுமிக்கொண்டு எழுந்தான், பல்லைக் காட்டினான், மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றான். பகவதியப்பன் தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டினார். ரதீஷ் தொழில் தெரிந்தவன். விரல் படுவதற்கு முன்பே பறந்துபோய் மூலையில் விழுந்தான். கூட்டம் பந்தலைப் பிய்த்துவிடுகிற மாதிரிக் கத்தியது.

தலைவர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். “வாரியத்தின் முதல் கணிப்பு இன்று பலித்தது. எங்கள் கணிப்பு ஒருபோதும் பொய்த்ததில்லை, சில சமயம் பிந்துவதுண்டு என்பதை...” மீதியை யாரும் கேட்கவில்லை.

“செரி அண்ணாச்சி, ஜெயிச்சாச்சு. பைய எறங்குங்க,” என்று ரதீஷ் மூலையில் கிடந்தபடியே முணுமுணுத்தான்.

“எறங்கணுமா?” என்றார் பகவதியப்பன். “ஜெயிக்கதுக்கா மக்கா நான் இவ்வளவு நாளும் இருந்தேன்? என்னைய ஒரு தடவ தூக்கிப் போடு.”

ரதீஷ் சஜினைப் பார்த்தான். சஜின் அவரைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் போய், “தாடைய நெஞ்சில ஒட்டி வச்சுக்கிடுங்க. கைய விரிச்சுப் போடுங்க. மூச்ச விட்டுடணும்,” என்று காதில் சொன்னான். ரதீஷ் அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி, பின்கழுத்துக்கு ஒரு கை கொடுத்து, பலகையில் போட்டான்.

சத்தம் கேட்டது. பகவதியப்பன் அசையாமல் கிடந்தார். அழகியநாயகி டீச்சர் டாக்டர், டாக்டர் என்று எழுந்துவிட்டார். தலைவர் மைக்கைக் கீழே வைத்தார். சஜின் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு மண்டியிட்டான். அவன் முகத்தை அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, வாரியம்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி. எங்க வலிக்கி?”

“எல்லா எடத்திலயும்,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். வெள்ளை மீசைக்குக் கீழே உதடு விரிந்துகொண்டே போயிற்று.

நாலைந்து பேர் அவரைத் தூக்குவதற்காகக் கயிற்றுக்குள் நுழைந்து ஓடி வந்தார்கள். பகவதியப்பன் படுத்தபடியே கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார்.

“தூக்காதிய மக்கா. நான் விழுந்துல்லா கெடக்கேன்.”